பாம்புகளுக்கு இறந்த இரையைப் பழக்குதல்

பாம்புகளுக்கு இறந்த இரையைப் பழக்குதல் என்பது, அடைப்பில் வைத்துப் பேணப்படும் ஒரு பாம்பினை, உயிருள்ள இரைக்கு மாற்றாக முன்னரே கொல்லப்பட்ட இரையை ஏற்று விழுங்கச் செய்யும் முறையாகும். விலங்குக் காட்சிசாலைகள், பாம்புப் பண்ணைகள், மீட்பு மையங்கள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றில் இம்முறை பின்பற்றப்படுகிறது. செல்லமாகப் பாம்பு வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வீடுகளிலும் இது வழக்கில் உள்ளது. பொதுவாக உறைநிலையில் சேமித்து வைக்கப்பட்ட சுண்டெலி, எலி, கோழிக்குஞ்சு, மீன் ஆகியவை இரையாகப் பயன்படுகின்றன.

பாம்புகள் அனைத்தும் ஊனுண்ணிகள். காட்டிலிருந்து அண்மையில் கொண்டுவரப்பட்ட பாம்புகளும், குட்டியிலிருந்தே உயிருள்ள இரையில் பழகியவையும் இறந்த இரையைப் பெரும்பாலும் முதலில் புறக்கணிக்கின்றன. இதனைப் பிடிவாதம் என்று கருதுவது தவறு. மணம், வெப்பம், அசைவு ஆகிய குறிகளைக் கொண்டே பாம்பு ஒரு பொருளை இரை என்று அறிகிறது. குளிர்ந்து அசைவற்றுக் கிடக்கும் எலியில் இக்குறிகள் குறைந்துவிடுகின்றன. இழந்த குறிகளை ஒவ்வொன்றாக மீட்டுத் தருவதே இம்முறையின் அடிப்படையாகும்.

காவிரிப் படுகையில் எலிகளும் பாம்புகளும்

தஞ்சாவூர் மாவட்டத்தில், கல்லணைக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரியும் இடத்திற்கு அருகில் திருக்காட்டுப்பள்ளி பேரூர் அமைந்துள்ளது. குறுவை, சம்பா, தாளடி ஆகிய நெற்பருவங்களைக் கொண்ட இப்பகுதியில், பாம்புக்கும் எலிக்கும் உள்ள இயற்கைத் தொடர்பைத் தெளிவாகக் காணலாம். வயல் எலிகள் வரப்புகளில் வளை தோண்டி நெற்கதிர்களைச் சேமிக்கின்றன. அவற்றைத் தேடிச் சாரைப்பாம்பு, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் ஆகியவை வயல்களுக்கு வருகின்றன. வாய்க்கால்களிலும் குளங்களிலும் வாழும் நீர்க்கோலி மீனையும் தவளையையும் உண்கிறது.

எலிகளைக் கட்டுப்படுத்த இப்பகுதி உழவர்கள் மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். வில்லைப் போல வளைத்துக் கட்டப்பட்ட இப்பொறி, உள்ளே வைத்த உணவை எலி தொட்டவுடன் விடுபட்டு அதனை நெரித்துக் கொல்லும். இதில் நஞ்சு எதுவும் இல்லை.

வீட்டுக்குள்ளோ களத்திலோ புகுந்த பாம்பு பிடிக்கப்படும்போது, அதற்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி இப்பகுதியில் எழுவது இயல்பு. எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதற்குரிய விடை. நலமான பாம்பு பல நாட்கள், வளர்ந்ததாயின் பல வாரங்கள்கூட, உணவின்றி இருக்கவல்லது. பிடிபட்ட அச்சத்தில் இருக்கும் பாம்பு உண்ணாது. உண்டாலும், கையாளும்போது கக்கிவிடும். அத்தகைய பாம்பினைத் தீயணைப்பு மீட்புப் பணித்துறை அல்லது வனத்துறையினர் மூலம் விரைவில் உரிய வாழிடத்தில் விடுவதே முறையாகும். கீழே விளக்கப்படும் முறைகள், காயம், நோய், வழக்கு, ஆய்வு முதலிய காரணங்களால் நீண்ட காலம் அடைப்பில் இருக்க வேண்டிய பாம்புகளுக்கே பொருந்தும்.

இரையை அறியும் விதம்

மணம்: பாம்பின் பிளவுண்ட நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள வேதித் துகள்களைத் திரட்டி, மேலண்ணத்தில் உள்ள யாக்கோப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. இரையை அறிவதில் இவ்வுறுப்பே முதன்மையானது. அமெரிக்க விலங்கு நடத்தையியலாளர் கோர்டன் பர்காட் 1960களில் இதனை ஆராய்ந்தார். அதுவரை எந்த உணவையும் உண்டிராத பாம்புக் குட்டிகளிடம், மண்புழு, மீன் முதலிய பல்வேறு இரைகளின் மணம் ஏற்றிய பஞ்சினை அவர் நீட்டினார். குட்டிகள் தத்தம் இனத்திற்குரிய இரையின் மணத்திற்கு நாக்கை மிகுதியாக நீட்டியதோடு, அப்பஞ்சினைத் தாக்கவும் செய்தன. ஆகவே, இரையின் மணத்தை அறியும் திறன் பிறவியிலேயே அமைந்தது என்பதும், மணம் சரியாக இருந்தால் உயிரற்ற பஞ்சும் பாம்பைத் தூண்டும் என்பதும் தெளிவாயின.

வெப்பம்: மலைப்பாம்புகள், போவாக்களில் பல, குழிவிரியன்கள் ஆகியவற்றின் முகத்தில் அகச்சிவப்புக் கதிர்களை உணரும் குழிகள் உள்ளன. இந்திய மலைப்பாம்பின் உதட்டுச் செதில்களில் இக்குழிகளைக் காணலாம். இவ்வுணர்வுக்குக் காரணமான புரதம் டி.ஆர்.பி.ஏ.1 என்பது 2010இல் கண்டறியப்பட்டது. நல்ல பாம்பு, சாரை, கண்ணாடி விரியன் ஆகியவற்றுக்கு இக்குழிகள் இல்லை. எனவே வெப்பத்தின் பங்கு இனத்திற்கு இனம் மாறுபடும். குழியுடைய பாம்புக்குக் குளிர்ந்த எலி ஏறத்தாழக் கண்ணுக்குப் புலப்படாத எலியைப் போன்றது.

அசைவு: பகலில் வேட்டையாடும் சாரை போன்றவை இரையின் அசைவைக் கண்ணால் கண்டு துரத்துகின்றன. பதுங்கியிருந்து தாக்கும் விரியன்களுக்கும் மலைப்பாம்புகளுக்கும் அசைவே தாக்குதலைத் தொடக்கும் குறியாக அமைகிறது.

இயற்கையில் இறந்த இரை

பாம்புகள் உயிருள்ளவற்றை மட்டுமே உண்ணும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுமையான உண்மையன்று. மலைப்பாம்பு இரையை இறுக்கிக் கொன்ற பின்னரே விழுங்குகிறது. கண்ணாடி விரியன் எலியைக் கடித்தவுடன் விட்டுவிடுகிறது. எலி சிறிது தொலைவு ஓடி விழுந்து இறந்த பின், விரியன் அதன் மணத்தடத்தைப் பின்பற்றிச் சென்று உண்கிறது. அதாவது, இவ்வினங்கள் நாள்தோறும் விழுங்குவது இறந்த இரையையே. அடைப்பில் கொடுக்கப்படும் இறந்த எலியில் குறைவது உயிரன்று, வேட்டையின் தொடக்கமே.

கடித்த பின் இரையைத் தேடும் இந்நடத்தையை அமெரிக்காவின் கொலராடோவில் டேவிட் சிசார் என்பவர் சாரைப்பாம்புகளில் அன்றி, கிலுகிலுப்பை விரியன்களில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கடிபட்ட எலியையும் கடிபடாத எலியையும் அவை வேறுபடுத்தி அறிகின்றன. நஞ்சில் உள்ள டிசுஇன்டெக்ரின் எனப்படும் புரதங்களே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தாம் கொல்லாத பிணங்களையும் பாம்புகள் உண்பதுண்டு. டிராவிசு டிவால்ட்டு, ஆரன் குரோச்மல் ஆகியோர் 2002இல் வெளியிட்ட தொகுப்புக் கட்டுரையில், பல இனப் பாம்புகள் இயற்கையில் பிணம் உண்ட நிகழ்வுகள் திரட்டித் தரப்பட்டுள்ளன. புளோரிடாவில் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் தீவு ஒன்றில், பறவைகள் தவறவிட்ட மீன்களை உண்டு குழிவிரியன்கள் வாழ்ந்தது நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

உயிருள்ள இரையால் நேரும் தீங்குகள்

காட்டில் எலிக்கு ஓடுவதற்கு வழியும், பாம்புக்கு விலகுவதற்கு இடமும் உண்டு. மூடிய கூண்டில் இரண்டும் இல்லை. பாம்பு பசியின்றி இருக்கும்போது விடப்பட்ட எலி, இரவு முழுவதும் அதனுடன் அடைபட்டிருக்கும். பசித்த எலி பாம்பின் உடலைக் கடித்துத் தின்னத் தொடங்கும். முதுகெலும்பு வெளிப்படும் அளவுக்குக் காயமுற்ற பாம்புகளைப் பற்றிக் கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கண் இழப்பு, வாய்ப்புண், சீழ்க்கட்டி ஆகியவையும் இவ்வாறு ஏற்படுகின்றன. பாம்பு இரையைப் பற்றிய பின்னரும் எலி திரும்பிக் கடிக்கக்கூடும்.

எலியின் துன்பமும் கருதத்தக்கது. தப்ப வழியில்லாத இடத்தில் அதனைக் கொல்லவிடுவதைக் காட்டிலும், பயிற்சி பெற்றவரால் நொடியில் கொல்லப்படுவது துன்பம் குறைந்தது. மேலும், உறைநிலையில் சேமித்த இரையைப் பல மாதங்கள் வைத்திருக்க இயலும். எலிக்கூட்டத்தை நாள்தோறும் பேணும் செலவும் குறையும்.

உண்ண மறுப்பதன் காரணங்கள்

இரையை மாற்றும் முன், பாம்பு உண்ணாமைக்கு வேறு காரணம் உண்டா என ஆராய்தல் வேண்டும்.

வெப்பநிலைக் குறைவு: பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சூழலிலிருந்தே பெறுகிறது. போதிய வெப்பம் இல்லையெனில் செரிமானம் நிகழாது. வெப்பமண்டல மலைப்பாம்புகளுக்குக் கூண்டின் ஒரு பகுதி ஏறத்தாழ 31 பாகை செல்சியசு வெப்பத்திலும், மறுபகுதி 26 பாகை அளவிலும் இருத்தல் நன்று.

மறைவிடமின்மை: உடலோடு ஒட்டிய ஒடுங்கிய மறைவிடம் இல்லாத பாம்பு தன்னைக் காப்பதிலேயே கருத்தாக இருக்கும்.

சட்டை உரித்தல்: கண் பால்போல மங்கிய நாளிலிருந்து சட்டை உரிந்து முடியும் வரை பல பாம்புகள் உண்பதில்லை.

இனப்பெருக்கம்: இணைதேடும் ஆண் பாம்புகளும் முட்டையுற்ற பெண் பாம்புகளும் நீண்ட நாட்கள் உண்ணாதிருக்கும்.

புதிய இடம்: இடம் மாற்றப்பட்ட பாம்பினை ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை தொடாமல் விட்டபின்னரே முதல் இரையைக் கொடுக்க வேண்டும்.

நோய்: வாய் அழற்சி, உண்ணி, குடற்புழு, மூச்சுத் தொற்று ஆகியவை பசியைக் கெடுக்கும். வாயிலிருந்து நுரை வருதல், மூச்சில் ஒலி எழுதல், உடல் மெலிதல் ஆகியவை காணப்பட்டால் மருத்துவரை நாடுவதே முதற்பணி.

பழக்கும் முறை

பின்வரும் படிகள் வரிசையாகக் கையாளப்படுகின்றன. ஒரு படி பயனளித்தால் அடுத்த படிக்குச் செல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே குறைந்தது ஐந்து முதல் ஏழு நாட்கள் இடைவெளி விடுவது இன்றியமையாதது. நாள்தோறும் இரையை நீட்டினால் பாம்பு அதனை அச்சுறுத்தலாகக் கொள்ளும்.

1. அளவு: இரையின் பருமன் பாம்பின் உடலின் மிகப் பருத்த பகுதியை விஞ்சலாகாது. தயங்கும் பாம்புக்கு இதனினும் சிறிய இரையே ஏற்றது.

2. புதிதாகக் கொல்லப்பட்ட இரை: உடற்சூடு ஆறாத எலியில் மணமும் வெப்பமும் முழுமையாக இருக்கும். உயிருள்ள இரையில் பழகிய பாம்புக்கு இதுவே எளிய பாலமாகும். இதனைச் சில முறை ஏற்ற பின் உறைந்த இரைக்கு மாற்றலாம்.

3. உறைநீக்கம்: உறைந்த எலியை முதலில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகச் செய்ய வேண்டும். பின்னர் நீர்புகாப் பையில் இட்டு வெந்நீரில் வைத்துச் சூடேற்ற வேண்டும். நுண்ணலை அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது. அது சில பகுதிகளை வேகவைத்து, சில பகுதிகளை உறைந்தபடியே விடும். உள்ளே குளிர்ந்திருக்கும் இரை செரியாமல் கக்கப்படும்.

4. வெப்பம்: எலியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. கொடுக்கும் வேளையில் இரையின் மேற்பரப்பு, குறிப்பாகத் தலை, இவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும். குழியுடைய பாம்புகளுக்குப் பெரும்பாலும் இப்படியே போதுமானது.

5. உலர்த்தல்: நனைந்த எலியின் மணம் மாறுபடும். ஆதலால் அதனைத் துடைத்து உலர்த்திய பின் கொடுப்பது நலம்.

6. அசைவு: நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பற்றி, தலை முன்னோக்கி இருக்குமாறு, பாம்பின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்த வேண்டும். முகத்திற்கு நேரே திணித்தால் பாம்பு பின்வாங்கும். பாம்பு தாக்கிச் சுற்றிக்கொண்ட பின் சற்றே இழுத்தால், இரை போராடுவதாகக் கருதி அது பிடியை இறுக்கும். பின்னர் அசையாமல் இருத்தல் வேண்டும்.

7. வேளை: இரவாடிகளுக்கு அந்தி மயங்கிய பின்னரும், பகலாடிகளுக்குக் காலை வெயிலில் உடல் சூடேறிய பின்னரும் கொடுப்பது பயன்தரும்.

8. தனிமை: இடுக்கியைக் கண்டு அஞ்சும் பாம்புக்கு, இரையை மறைவிடத்தின் வாயிலில் வைத்து, கூண்டைத் துணியால் மூடி இரவு முழுவதும் விட்டுவிடலாம். விடிந்ததும் எஞ்சிய இரையை அகற்றிவிட வேண்டும். தஞ்சைப் பகுதியின் வெப்பத்தில் இறைச்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். அதனை மீண்டும் உறையவைத்துக் கொடுக்கக் கூடாது.

9. ஒடுங்கிய இடம்: சிறு பாம்புகளைக் காற்றோட்டமுள்ள சிறிய பெட்டியில் இரையுடன் சில மணி நேரம் வைத்தால், அவை அதனை அடிக்கடி நாக்கால் தொட நேர்ந்து உண்ணத் தொடங்குவதுண்டு.

10. மணம் ஏற்றல்: பாம்பு விரும்பும் வேறோர் இரையின் மணத்தை எலியின் தலையில் தேய்த்துக் கொடுப்பது மணம் ஏற்றல் எனப்படும். எலியை முதலில் நீரில் கழுவி அதன் மணத்தைக் குறைப்பர். பின் கோழிக்குஞ்சின் இறகு, மீன், அல்லது உயிருள்ள எலிகள் படுத்த வைக்கோல் ஆகியவற்றில் புரட்டுவர். பாம்பு ஏற்கத் தொடங்கியதும் மணத்தின் அளவை ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே வருவர்.

11. தலையோட்டைத் திறத்தல்: இறந்த எலியின் தலையோட்டில் சிறு பிளவு ஏற்படுத்தி மூளைத் திசு வெளிப்படச் செய்வது, பிற முறைகள் பயனளிக்காதபோது கையாளப்படுகிறது. இதன் கடுமையான மணம் குட்டிப் பாம்புகளை உண்ணத் தூண்டுகிறது.

இரை உண்ட பாம்பினை இரண்டு நாட்களுக்கேனும் கையாளக் கூடாது. கக்கிவிட்டால் இரண்டு வாரம் ஓய்வளித்து, முன்னதிலும் சிறிய இரையைத் தர வேண்டும்.

தனித்த உணவுப் பழக்கம் உடைய பாம்புகள்

இராசநாகம்: இது பிற பாம்புகளையே முதன்மையாக உண்பது. சாரைப்பாம்பு இதன் விருப்ப இரைகளுள் ஒன்று. காட்சிசாலைகளில் இராசநாகத்திற்குப் பாம்பு மணம் ஏற்றிய எலியைக் கொடுத்து, மெல்ல மெல்ல அம்மணத்தைக் குறைத்து எலிக்குப் பழக்குகின்றனர். உரிந்த பாம்புச் சட்டை மணம் ஏற்றப் பயன்படுகிறது. மணம் ஏற்றும் முறையின் ஆற்றலுக்கு இதுவே சிறந்த சான்றாகும்.

கட்டுவிரியன்: இதுவும் பிற பாம்புகள், ஓணான் வகைகள், எலிகள் ஆகியவற்றை உண்ணும் இரவாடி. இருளில் தனித்து விடப்பட்டால்தான் பெரும்பாலும் உண்ணும்.

நீர்க்கோலி: மீன் உண்ணும் இப்பாம்பு இறந்த மீனை எளிதில் ஏற்கிறது. ஆயினும் சில மீன் இனங்களில் தையமினேசு என்னும் நொதி உள்ளது. இது உயிர்ச்சத்து பி1ஐச் சிதைப்பதால், அம்மீன்களை மட்டுமே உண்ணும் பாம்புக்கு நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் ஏற்படும். பல வகை மீன்களை மாற்றிக் கொடுப்பது இதனைத் தவிர்க்கும். தோலும் எலும்பும் நீக்கிய இறைச்சித் துண்டுகளைத் தொடர்ந்து கொடுப்பதும் சுண்ணச்சத்துக் குறைபாட்டை விளைவிக்கும். பாம்பின் உணவு முழு இரையாக இருத்தல் வேண்டும்.

நஞ்சுள்ள பாம்புகளுக்கு இரை கொடுப்பது பயிற்சி பெற்றோர் மட்டுமே செய்யத்தக்க பணியாகும். எலியின் மணம் படிந்த கையையும் அவை இரையாகக் கருதித் தாக்கக்கூடும்.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம்

உண்ணாத பாம்பைக் கண்டு பேணுவோர் அடையும் பதற்றமே பல தவறுகளுக்குக் காரணமாகிறது. பாலூட்டிகளின் அளவுகோல் பாம்புக்குப் பொருந்தாது. பர்மிய மலைப்பாம்பின் சிறுகுடல், இரை உண்ட ஓரிரு நாட்களில் ஏறத்தாழ இருமடங்கு எடையடைந்து, செரிமானம் முடிந்தபின் மீண்டும் சுருங்குகிறது. உணவு இல்லாத நாட்களில் செரிமான உறுப்புகளைப் பேணும் செலவை இவ்வாறு அது மிச்சப்படுத்துகிறது.

மார்சல் மெக்யூ 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று இனப் பாம்புகள் ஏறத்தாழ ஆறு மாதங்கள் உணவின்றி வைக்கப்பட்டன. அவை தம் ஓய்வுநிலை ஆற்றல் செலவை 72 விழுக்காடு வரை குறைத்துக்கொண்டன. அக்காலத்திலும் அவற்றின் உடல் நீளம் கூடியது வியப்புக்குரியது. அம்மூன்றனுள் ஒன்றான ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு, ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் பல மாதங்கள் உண்ணாதிருப்பதற்குப் பெயர்பெற்றது.

ஆகவே நாட்களை எண்ணுவதைவிட எடையைக் கணக்கிடுவதே சரியான வழி. வாரம் ஒரு முறை பாம்பினைத் துணிப்பையில் இட்டு நிறுத்துக் குறித்து வர வேண்டும். எடை நிலையாக இருக்கும்வரை அச்சப்படத் தேவையில்லை. தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு புடைத்துத் தெரிந்தாலோ மருத்துவ உதவி தேவை. குட்டிகளிடம் சேமிப்புக் கொழுப்பு குறைவாதலால் அவற்றுக்கு இவ்வளவு பொறுமை காட்டலாகாது. குடிநீர் எந்நேரமும் இருக்க வேண்டும். பசியைத் தாங்கும் பாம்பு நீரின்மையைத் தாங்காது.

வலிந்து ஊட்டல்

பாம்பின் வாயைத் திறந்து இரையின் தலையை உள்ளே வைத்து, எஞ்சியதை அதுவே விழுங்க விடுவது துணையூட்டல் எனப்படும். இரையையோ கூழையோ உணவுக்குழாய்க்குள் செலுத்துவது வலிந்து ஊட்டலாகும். பல், தாடை, உணவுக்குழாய் ஆகியவை காயமுறக்கூடும் என்பதால், வலிந்து ஊட்டலைக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்தல் வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த பாம்புக்கு ஒரே வேளையில் பெரிய இரையைச் செலுத்தினால், குருதியில் உள்ள பாசுபரசு, பொட்டாசியம் ஆகியவற்றின் அளவு திடீரெனச் சரிந்து இறக்கவும் நேரும். எனவே முதலில் நீரிழப்பு சரிசெய்யப்பட்டு, பின்னர் சிறிது சிறிதாக உணவு தரப்படுகிறது.

இரையின் தூய்மை

வயலில் பிடித்த எலியைப் பாம்புக்குக் கொடுக்கலாமா என்ற வினா காவிரிப் படுகையில் இயல்பாகவே எழும். கிட்டியில் நஞ்சு இல்லாவிடினும், அதில் சிக்கிய எலி முந்தைய நாள் அடுத்த வயலில் வைத்த நஞ்சுணவைத் தின்றிருக்கக்கூடும். துத்தநாகப் பாசுபைடு, புரோமோடையலோன் ஆகியவை எலிக்கொல்லிகளாகப் பயன்படுகின்றன. இவற்றுள் புரோமோடையலோன் குருதி உறைவதைத் தடுப்பது. இது எலியைச் சில நாட்கள் கழித்தே கொல்லும் என்பதால், அதுவரை நலமாகத் தோன்றும் எலியின் உடலிலும் நஞ்சு தங்கியிருக்கும். அதனை உண்ணும் விலங்கும் பாதிப்புறும். ஒட்டுண்ணிகளும் வயல் எலிகளில் மிகுதி. அவற்றின் சிறுநீர் வழியே மனிதருக்கு எலிக்காய்ச்சல் பரவும். ஆதலால் தூய சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளே இரையாகத் தக்கவை.

உறையவைத்தல் பல ஒட்டுண்ணிகளைக் கொல்லும். ஆயினும் நுண்ணுயிரிகள் அனைத்தையும் அழிக்காது. உறைந்த தீவன எலிகள் வழியே சால்மொனெல்லாத் தொற்று மனிதரிடம் பரவியது 2010இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, அவ்வெலிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இரையை வீட்டு உணவுடன் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. கையாண்ட பின் கைகளையும் கருவிகளையும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

பால் பற்றிய நம்பிக்கை

தமிழகத்தில் புற்றுக்குப் பால் ஊற்றி, முட்டை வைத்து வழிபடும் வழக்கம் தொன்மையானது. இவ்வழிபாட்டின் சமயப் பொருள் வேறு, பாம்பின் உணவு வேறு. பாம்பு பாலூட்டி அன்று. பால் அதன் இயற்கை உணவும் அன்று. பாம்பாட்டிகளிடம் இருந்த பாம்புகள் பால் குடித்ததற்குக் காரணம், அவை பல நாட்கள் நீரின்றி வைக்கப்பட்டிருந்தமையே. தாகமுற்ற பாம்பு கிடைத்த நீர்மத்தை அருந்தும். அப்பால் செரியாமல் கழிச்சலை ஏற்படுத்துவதோடு மூச்சுக்குழாயில் புகுந்தும் தீங்கிழைக்கும். மீட்கப்பட்ட பாம்புக்குக் கொடுக்கத்தக்கது தூய நீர் மட்டுமே.

தமிழகத்தில் பாம்பு பேணும் நிறுவனங்கள்

ரோமுலசு விட்டேக்கர் 1969இல் சென்னைக்கு அருகிலுள்ள சேலையூரில் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972இல் கிண்டிக்கு மாற்றப்பட்டது. இதுவே இன்றைய சென்னைப் பாம்புப் பண்ணை. மாமல்லபுரத்திற்கு அருகில் வடநெம்மேலியில் 1976இல் சென்னை முதலைப் பண்ணை நிறுவப்பட்டது. அதன் வளாகத்தில் 1978இல் அமைக்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சினை எடுத்து நச்சுமுறி மருந்து உருவாக்கத்திற்கு வழங்குகிறது. இங்குப் பாம்புகள் சில வாரங்களே வைத்திருக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்படுகின்றன. இருளர் பாம்பு பிடிப்போரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது.

சட்டநிலை

இந்தியாவின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 நாட்டுப் பாம்பினங்களைப் பாதுகாக்கிறது. அவற்றைப் பிடிப்பதும், செல்லமாக வளர்ப்பதும், விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். இந்திய மலைப்பாம்பு இச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. மண்ணுளிப் பாம்பு, "இருதலைப் பாம்பு" என்ற மூடநம்பிக்கையால் கள்ளச்சந்தைக்கு இரையாகி வருகிறது. கைப்பற்றப்பட்ட இத்தகைய பாம்புகளை வழக்கு முடியும்வரை பேணும் பொறுப்பு மீட்பு மையங்களைச் சேர்கிறது. அங்கு அவற்றை உண்ணச் செய்வதே அவற்றின் உயிரைக் காப்பதாகும்.

பந்து மலைப்பாம்பு போன்ற, பன்னாட்டு வணிக உடன்படிக்கையில் இடம்பெற்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டின் உயிருள்ள விலங்கினங்கள் அறிவிப்பு மற்றும் பதிவு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

இந்திய மலைப்பாம்பு
சாரைப்பாம்பு
கண்ணாடி விரியன்
இராசநாகம்
யாக்கோப்சன் உறுப்பு
இருளர்
தஞ்சாவூர்க் கிட்டி
திருக்காட்டுப்பள்ளி